கணனியைப் படிப்பிப்பதா, கணனிக்குப் பழக்குவதா?

கடந்த விஜயதசமியன்று எமது ஆலயத்தில் ஏடு தொடக்கும் வைபவம் வழமை போல் நடைபெற்றது. குருக்கள் ஐயா மூன்று வயதுக் குழந்தையொன்றின் சுட்டுவிரலைப் பிடித்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் 'அ' எழுதுவித்துக் கையை விட்டார். விட்டதும் அக் குழந்தை தானாகவே விரலை அரிசியின் மேல் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தது. ஒன்றும் மாறவில்லை. மறுபடியும் தள்ளியது. கண்ணாடித் திரையில் அடுத்த படம் வருவதற்குத் தள்ளுவதைப் போல அரிசியையும் தள்ளிப் பார்க்கிறது என்பது சுற்றி நின்றவர்களுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் எல்லோரும் சிரித்தோம். குழந்தையின் அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அரிசி தானா ஒண்டும் செய்யாது பிள்ளை, நீதான் எழுத வேணும்" என்றார்.

அன்று அன்னதான மண்டபத்தில் இதே பேச்சாகத்தான் இருந்தது. காரணம் உண்டு. எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கணனி வகுப்பொன்று ஆரம்பிக்க வேண்டுமென்று பெற்றோர் சிலர் எழுத்து மூலம் கேட்டிருந்தனர். அன்பர் ஒருவர் பத்து ரப்லெற் வாங்கித் தருவதாகவும் முன்வந்திருந்தார். ஆனால் இருப்பதோ மூன்று மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தைக் கணனிக்குக் கொடுப்பதென்றால் தமிழிலிருந்தோ பண்ணிசையிலிருந்தோதான் எடுக்கவேண்டும். நிர்வாக சபையில் பாதிப்பேர் ஒரு பக்கம், பாதிப்பேர் மறுபக்கம். இரு பகுதியினரும் தத்தம் நியாயத்தை எழுதும்படி எம்மைக் கேட்டார்கள். இரண்டையும் கேட்டபின் இரண்டோடும் எமக்குப் பூரண உடன்பாடு இல்லை என்பதே இக் கட்டுரை எழுந்த காரணம்.

முதலில் இந்நாட்டுப் பாடசாலைகளில் என்ன நடக்கின்றது என்பதைச் சொல்லிவிடுவோம். பிள்ளை பாடசாலையில் 'கொம்பியூட்டர்' படிப்பதென்றால் ரைப் அடிக்கப் பழகுவதாகவே எம்மிற் பலர் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1981ஆம் ஆண்டின் இறுதியில் ஏகோர்ன் நிறுவனம் தயாரித்த 'பி.பி.சி. மைக்ரோ' வெளிவந்து இங்குள்ள பாடசாலைகளில் பரவியபோது, அக் கணனியைத் திறந்தவுடன் பேசிக் மொழிதான் வந்து நிற்கும். எதையும் செய்விப்பதென்றால் நாம்தான் அதற்குக் கட்டளை எழுதவேண்டும். பின்னர் மவுசும் விண்டோசும் வந்தன. பாடமும் மெல்ல மெல்ல வேர்ட், எக்செல், பவர்பொயின்ற் ஆகியவற்றைப் பாவிக்கும் பாடமாகச் சுருங்கிப் போயிற்று. 2011இல் எடின்பரோவில் பேசிய கூகிள் நிர்வாகத் தலைவர் எரிக் ஷ்மிட் இதைக் குறை கூறினார். 2012 ஜனவரியில் றோயல் சொசைற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே மாதத்தில் அன்றைய கல்வி அமைச்சர் மைக்கல் கோவ் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 2014 செப்ரெம்பர் முதல் இங்கிலாந்தில் 'கம்பியூட்டிங்' என்ற புதிய பாடம் ஐந்து வயதிலிருந்தே தொடங்குகிறது. ஸ்கொட்லாந்துக்கும் வேல்சுக்கும் பாடத்திட்டம் வேறு.

ஐந்து வயதுப் பிள்ளை இதில் என்ன படிக்கிறது? அல்கோரிதம் என்றால் என்ன என்பதை. கேட்கப் பயமாக இருந்தாலும் விடயம் எளிது. ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான படிமுறை, ஒன்றன்பின் ஒன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். எமது வீடுகளில் தோசைக்கு ஊறப்போடுவதிலிருந்து சுட்டு எடுப்பது வரை இருப்பதும் அதுதான். ஆனால் அம்மாவிடம் எவ்வளவு உப்பு என்று கேட்டால் "அளவாய்ப் போடு" என்பார். இயந்திரத்துக்கு 'அளவாய்' விளங்காது. அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

பல ஆரம்பப் பாடசாலைகளில் 'பீ-பொட்' என்றொரு விளையாட்டுச் சாமான் உண்டு. மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ போல இருக்கும். முதுகிலே முன்னே, பின்னே, இடம், வலம் என அம்புக்குறிப் பொத்தான்கள். பிள்ளை வேண்டிய பொத்தான்களை முறைப்படி அழுத்தி, நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் தேனீ நிலத்திலே அப்படியே ஓடும். ஒரு படி 15 சென்ரிமீற்றர். நாம் ஒரு வகுப்பறையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நிலத்தில் விரித்த படத்தில் தேனீயைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னே, முன்னே, இடம் என்று அழுத்தினாள். தேனீ இரண்டு படி சென்று இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. 'இடம்' என்றால் இடப்பக்கம் போகும் என்று அவள் நினைத்திருந்தாள். அது நின்ற இடத்தில் திரும்ப மட்டுமே செய்யும். பிழையைக் கண்டுபிடித்து இன்னுமொரு 'முன்னே' சேர்த்துத் திரும்பவும் ஓடவிட்டாள். இம்முறை தேனீ கடையையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. பழைய கட்டளைகளை அழிக்காமல் புதியவற்றைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

எம்மைக் கவர்ந்தது தேனீ அல்ல. இரண்டு தரம் பிழைத்த பிள்ளையை எவரும் ஏசவில்லை; அவளும் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கவில்லை. தேனீயை எடுத்துத் திருப்பித் தொடக்கத்தில் வைத்துவிட்டு, தானே எழுந்து நின்று அந்தக் கட்டங்களின் மேல் நடந்து பார்த்தாள். 

இந்த நடந்து பார்த்தலுக்குப் பின்னால் ஒரு பழைய சிந்தனை இருக்கிறது. தென்னாபிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றி, பின் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.க்குச் சென்ற சேமூர் பப்பேர்ட் என்னும் கணித அறிஞர், 1967இல் தம் சகாக்களுடன் சேர்ந்து சிறுவர்களுக்கென 'லோகோ' என்னும் கணனி மொழியை உருவாக்கினார். நிலத்தில் ஊர்ந்து கோடு கீறும் 'ஆமை' ஒன்றைப் பிள்ளைகள் அம் மொழியால் இயக்குவார்கள். 1980இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்ரோர்ம்ஸ்' என்ற நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: கணனி பிள்ளையை ஆட்டுவிப்பதா, பிள்ளை கணனியை ஆட்டுவிப்பதா என்பதே கேள்வி. கட்டளை எழுதும் பிள்ளைக்கு முதல் முயற்சியில் எதுவும் சரிவராது. ஆகவே பிழை என்பது அவமானம் அல்ல, அடுத்த வேலை என்று அது பழகிக்கொள்ளும். அரைநூற்றாண்டு கழிந்தும் தேனீ செய்வது அந்த ஆமையின் வேலையைத்தான்.

இனி எமது வீடுகளுக்கு வருவோம். வாசகர்கள் கோபிக்கக்கூடாது, எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எடுத்து வந்த பிள்ளையிடம் மிச்சம் மூன்றும் எங்கே என்று கேட்காத வீடு எமது அடியார்களிடையே எத்தனை இருக்கும்? பதினொரு வயதுப் பரீட்சைக்காக எட்டு வயதிலிருந்தே ரியூசன். பிழை விட்ட பயிற்சித்தாளைப் பிள்ளை புத்தகப்பைக்கு அடியில் ஒளிக்கிறது. போரிலும் இடப்பெயர்விலும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்குப் படிப்பு ஒன்றுதான் யாராலும் பறிக்க முடியாத சொத்தாக இருந்தது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எமக்குத் தெரியாததல்ல. ஆயினும் பிழையை ஒளிக்கப் பழகிய பிள்ளை எதை இழக்கிறது என்பதையும் நாம் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

ஆகவே "கணனி படிச்சால் நல்ல உத்தியோகம் கிடைக்கும்" என்று சபையில் எழுந்த வாதத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்தில் எந்த வேலை இருக்கும், எந்த வேலை இராது என்று இன்று எவரால் சொல்ல முடியும்? 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின், கணனிக்குக் கட்டளை எழுதும் வேலையையே கணனி செய்யத் தொடங்கிவிட்டது. உத்தியோகத்துக்காகத்தான் படிப்பிக்கிறோம் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம். நாம் வேறொரு காரணத்துக்காகப் படிப்பிக்க வேண்டும் என்கிறோம். அது இயந்திரம் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல என்பதைப் பிள்ளை தன் கையாலேயே அறிவது.

இது வெறும் தத்துவம் என்று எண்ணுபவர்கள் இந்நாட்டுத் தபாற் கந்தோர்களில் நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணனி முறை அங்கே புகுத்தப்பட்டது. சிறு கடையோடு தபாற் கந்தோரையும் நடத்தி வந்தவர்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. ஆயிரம், பத்தாயிரம் என்று துண்டு விழுந்தது. குறைந்த பணத்தைத் தபாலதிபரே கட்டவேண்டும் என்பது உடன்படிக்கை. கட்டியவர்கள் வீட்டை விற்றார்கள்; கட்ட முடியாதவர்கள் களவென்றும் பொய்க் கணக்கென்றும் குற்றஞ் சாட்டப்பட்டார்கள். 2015 வரையிலான காலத்தில் 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அவர்களில் தெற்காசியர் பலர், எம்மைப் போலவே விடியற்காலையில் கடை திறந்தவர்கள். சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010 நவம்பரில், தம் மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, வயிற்றிற் குழந்தையோடு சிறைக்கு அனுப்பப்பட்டார். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2021இல் அவருடைய தண்டனை நீக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கானோரின் குற்றத்தீர்ப்புகளை ஒரேயடியாக நீக்கியது. 

இதிலே எம்மை உறுத்துவது மென்பொருளிற் பிழை இருந்தது என்பதல்ல. ஆறு வயதுப் பிள்ளையின் தேனீயிலும் பிழை இருந்தது. கணனி சரியாகவே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வதும், இல்லை என்பவர்தான் அதற்கு ஆதாரம் காட்டவேண்டும் என்பதும் அக்காலத்து நீதிமன்ற நடைமுறையாக இருந்தது. ஒரு மனிதரின் வாக்குக்கும் ஓர் இயந்திரத்தின் கணக்குக்கும் இடையே முரண் வந்தபோது, படித்தவர்கள் நிறைந்த இத்தனை சபைகளில் இயந்திரம்தான் வென்றது. தேனீ பிழையாக ஓடினால் எந்தக் கட்டளையில் பிழை என்று தேடப் பழகிய ஒருவர் அச் சபைகளில் இருந்திருந்தால், அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி மிகச் சிறியது. நாளை எமது பிள்ளைகளில் ஒருவர் கணக்காளராகவோ சட்டத்தரணியாகவோ நீதிபதியாகவோ அந்த மேசையில் அமரலாம்.

எதிர்த்தரப்பினரின் நியாயத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். "ஏற்கெனவே முழு நேரமும் திரைதான், கோவிலுக்கு வந்தும் திரையோ?" என்று கேட்ட மூதாட்டிக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. சுவீடன் அரசாங்கம் 2023இல் இளம் பிள்ளைகளின் வகுப்பறைகளுக்கு அச்சுப் புத்தகங்களைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானித்தது. முன்பள்ளிகளில் மின்னியற் கருவிகள் கட்டாயம் என்ற விதியையும் கைவிட்டது. தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடு என்று சுவீடனை எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. திரைக்கு முன்னால் பிள்ளை இருக்கும் நேரம் வேறு. கணனியைப் பற்றிப் படிக்கும் நேரம் வேறு. முதலாவது பழக்கம். அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை; அரிசியைத் தள்ளிய குழந்தைக்கு யார் வகுப்பு எடுத்தது? பத்து ரப்லெற்றை வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுக் கணனி வகுப்பு நடக்கிறது என்று பெயர்ப்பலகை போட்டால் அந்தப் பழக்கத்துக்கே நாம் இன்னும் ஒரு மணித்தியாலம் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம்.

வீட்டிலே நாம் என்ன படிப்பிக்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. சமூக வலைத்தளங்கள் பெரும்பாலானவற்றில் கணக்குத் திறக்க 13 வயது வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அழுது பிடிவாதம் பிடிக்கிறது. பிறந்த ஆண்டைக் கேட்கும் இடத்தில் ஐந்து வருடத்தைக் குறைத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை எழுதுபவர்களில் ஒருவரும் அப்படிச் செய்தவர்தான். பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு மெய்யாகவே பதின்மூன்று வயதாகும்போது அத் தளத்தின் கணக்குப்படி அதற்குப் பதினெட்டு. வளர்ந்தவர்களுக்குக் காட்டுவதையெல்லாம் காட்டலாம் என்று அது முடிவு செய்துகொள்ளும். சொந்த விபரங்களை எவ்வாறு காப்பது என்று பாடசாலையில் ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டிலே கணனியைப் பற்றி நாம் நடத்திய முதற் பாடம், பொய் சொன்னால் கதவு திறக்கும் என்பது.

இதற்குப் பெற்றோர் தரும் சமாதானம், "எங்களுக்கு இதுகள் தெரியாது, பிள்ளையளுக்குத்தான் தெரியும்" என்பது. இது எமது சமூகத்துக்குப் புதிய நிலையும் அல்ல. 90களில் வந்த குடும்பங்களில் உள்துறை அமைச்சின் கடிதத்தை வாசித்துச் சொன்னது பத்து வயதுப் பிள்ளை. வைத்தியரிடம் அம்மாவின் வருத்தத்தை மொழிபெயர்த்ததும் அதே பிள்ளை. சொல்லக் கூசும் வருத்தங்களையும் அது மொழிபெயர்த்தது. இன்று வதிவிட அனுமதி கூட அட்டையாக இல்லாமல் இணையத்தில் ஈ-விசாவாக மாறிவிட்ட நிலையில், கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் பிள்ளையின் கையில். வீட்டுச் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை சொல்வழி கேட்பதில்லை என்று கோவிலில் வந்து குறைப்படுகிறோம்.

மகனிடம் உபதேசம் கேட்ட தகப்பனின் கதை எமக்குப் புதிதல்ல. சுவாமிமலையில் சிவபெருமான் சீடனாக இருந்து காது கொடுத்ததை வருடாவருடம் பிரசங்கத்தில் கேட்கிறோம். பிள்ளைக்குத் தெரிந்ததைப் பிள்ளையிடம் கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை என்றே அதை நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் அங்கே தகப்பன் குனிந்து கேட்டான். "எனக்கு இது தெரியாது" என்று எழும்பிப் போகவில்லை. கேட்பதற்கும் கைகழுவுவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. பிள்ளை கணனியில் கெட்டிக்காரனாக இருக்கலாம். யாரை நம்பலாம், எதைச் சொல்லக்கூடாது, எப்போது நிறுத்தவேண்டும் என்பவை கெட்டித்தனத்தோடு கூட வருபவை அல்ல. அவற்றை அறிந்தவர்கள் நாம்தான், பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும்.

கடந்த மாதக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் நாம் முன்வைத்தபோது, கோலம் போடும் அம்மா ஒருவர்தான் வழி சொன்னார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். "படிமுறை எண்டு நீங்கள் சொல்லுறது புள்ளிக் கோலம் தானே?" என்றார். எம்மில் ஒருவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ற் சிறோமணியும் ராணி சிறோமணியும் 1970களில் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து கோலங்களின் அமைப்பைக் கணனி இலக்கணமாக எழுதி ஆராய்ந்தவர்கள். 1974இல் அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வாசற்படியில் விடிய முன்னம் மாவால் போடுவது கணனி அறிவியலில் ஒரு ஆய்வுப்பொருள் என்பதை அந்த அம்மாவுக்குச் சொன்னோம். அவர் பெரிதாக வியக்கவில்லை. "ஒரு புள்ளி பிழைச்சால் முழுக்கப் பிழைக்கும், எங்க பிழைச்சது எண்டு பின்னுக்கு வந்து பார்க்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

சபை எடுத்த முடிவு பின்வருமாறு. தை மாதம் முதல் சனிக்கிழமையிலிருந்து அரை மணித்தியாலம் மட்டும், மதிய இடைவேளையிலிருந்து எடுக்கப்படும். தமிழும் பண்ணிசையும் தொடப்படமாட்டா. முதல் ஆறு கிழமைக்குத் திரை இல்லை. ஒரு பிள்ளை கோலத்துக்குரிய படிமுறையைத் தமிழில் எழுதவேண்டும்; மற்றப் பிள்ளை அதை எழுதியவாறே, தன் சொந்த மூளையைப் பாவிக்காமல், மாவினால் போடவேண்டும். எங்கே பிழைக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடவேண்டும். அதன் பின்னர் இரண்டு தேனீக்கள் வாங்கப்படும். ரப்லெற் தருவதாகச் சொன்ன அன்பர் பெரிய மனதோடு அப் பணத்தை இதற்கு மாற்றித் தந்துள்ளார். அவருக்கு எமது நன்றி. ஏழாம் கிழமையில் பிறந்த திகதி, கடவுச்சொல் ஆகியவை பற்றிய வகுப்பு பிள்ளைகளுக்கு அல்ல, பெற்றோருக்கு. நடத்துபவர்கள் எமது பாடசாலையின் பதினொரு வயது மாணவர்கள்.

வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாம்பாளமும் ஒரு சுண்டு அரிசிமாவும் கொண்டுவருதல் வேண்டும். தாய் தகப்பன் இருவரில் ஒருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். காருக்குள் இருந்து போன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வகுப்புக்கு வந்தவர்களாகக் கணிக்கப்படமாட்டார்கள்.